ஆமென் சொல்லாத ஜெபம்

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் எல்லாருமே மிஷன் ஆட்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை வெளியே கேட்டால் மறுநாள் பாதிரியார் வாசலில் நிற்பார். அதனால் சத்தமில்லாமல் சண்டை போடப் படித்திருந்தோம். வாத்தியாரான என் வீட்டுக்காரர் வாயை இறுக்கிக்கொள்வார். எனக்குப் பதிலாக என் பாத்திரங்கள் பேசும். மிச்சத்தைச் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் வைத்துக்கொள்வோம். முழங்கால்படியிட்டு ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாதே! "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருத்தியின் நாவை அடக்கும்" என்பார். என் முறை வந்ததும், "ஒருத்தருடைய காதைத் திறந்தருளும்" என்பேன். கடைசியில் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் வந்த சண்டை வேறு மாதிரி. எங்கள் ஒரே மகள் ஆசிரியைப் பயிற்சிக்குப் போக ஒற்றைக்காலில் நின்றாள். இவரோ தச்சநல்லூரில் இருந்த தம் அக்காளிடம், அவள் மகனுக்குப் பெண் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழாம் நாள் சாயங்கால ஜெபத்தில் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"கர்த்தாவே, நாங்கள் நிச்சயித்த விவாகத்தை ஆசீர்வதியும். எதிர்த்து நிற்கிறவளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்."

நாங்களாம்! யாரந்த நாங்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமென் சொல்லாமல் இருந்தேன். நான் சொல்லாமல் அவரும் எழமாட்டார். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாடை வந்தது. பிடிக்கட்டும் என்று இருந்தேன். முழங்கால் கடுத்தது. அவர் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது.

"ஆமென்."

சொன்னவள் மகள். படுபாவி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாளே! ஜெபத்தில் ஒருநாளும் கண் திறக்காத மனிதர், திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்குச் சம்மதமா?"

இல்லையென்று தலையசைத்தாள். கண்ணீர் தாடையில் ஒழுகியது.

"பொறவு எதுக்கு ஆமென் சொன்ன?"

"நீங்க ரெண்டு பேரும் எந்திரிக்கணும்லாப்பா. இப்படியே இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் ஆற்றுப்பாலம் கடந்து தச்சநல்லூருக்கு நடந்தார். உச்சிப்பொழுதில் திரும்பியவர் முகம் செத்துப் போயிருந்தது. மோர் கொடுத்தேன்.

"அக்கா இனிமே நம்ம வாசல் மிதிக்க மாட்டாளாம்" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மதினி வராட்டி என்ன, நாம போவோம். சாப்பிட வாங்க" என்றேன்.