சேராத போல்ட்

வைரவனைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தொழிலாளர் கேம்பில் இன்றைக்கும் "தன் வினை தன்னைச் சுடும்" என்கிறார்கள். சொல்கிறவன் வாயில் கொள்ளியை வைக்க. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

வைரவன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஷார்ஜாவில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பம்போ ஜெனரேட்டரோ, எதைக் கொடுத்தாலும் ஓடவைப்பான். எழுபத்து மூன்றில் அவன் கப்பலேறியபோது மனைவி நாகவள்ளி ஆறு மாதக் கர்ப்பம். இது நடந்தபோது பிறந்த மகனுக்கு இரண்டரை வயது. ஊரிலிருந்து வந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலும் பிள்ளை அசைந்துவிட்டதால் முகம் கலங்கியிருந்தது.

லீவு கேட்டு நடையாய் நடந்தான். எங்கள் அரபு முதலாளியை அர்பாப் என்போம். அவர் ஒரு வேலை வைத்தார். இரண்டு பழைய துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து வேட்டைக்கு ஒரு ரைஃபிள் செய்ய வேண்டும். முடித்தால் லீவும் பாஸ்போர்ட்டும் கையில்.

கட்டையைச் செதுக்கினான், குழலைப் பொருத்தினான். போல்ட்டில்தான் வந்தது வினை. குழல் ஒரு துப்பாக்கியுடையது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் போல்ட் இன்னொன்றுடையது. காலித் தோட்டாவின் அடியில் மூன்று தாள் ஒட்டிப் போட்டுப் பார்த்தான். இடித்து நிற்க வேண்டிய போல்ட் சுகமாக மூடிக்கொண்டது. அவ்வளவு இடைவெளி. சுட்டால் தோட்டா பின்பக்கம் கிழியும், நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கு வரும் என்று ஃபோர்மேன் உமாபதியிடம் சொன்னான்.

உமாபதி மதுரைக்காரர், குடும்பத்தோடு இருப்பவர். அர்பாப்பிடம் முடியாது என்ற சொல்லை ஒருநாளும் கொண்டுபோகாதவர். அர்பாப்புக்குத் துப்பாக்கியில் தெரிந்தது ஒன்றுதான்: குழலிலும் போல்ட்டிலும் ஒரே நம்பர் இருந்தால் நல்ல துப்பாக்கி. போல்ட்டின் நம்பரை ராவிவிட்டுக் குழலின் நம்பரை அடிக்கச் சொன்னார் உமாபதி. வெடித்தால் பழி ஊருக்குப் போனவன் தலையில் என்பது அவர் கணக்கு.

இரண்டு நாள் வைரவன் மறுத்தான். மூன்றாம் நாள் என் எதிரிலேயே உமாபதி சொன்னார்: "சுடப்போறது அவரு. அன்னைக்கு நீ ஊர்ல புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்ப. ஒனக்கென்னடா?"

வைரவன் நம்பரை அடித்தான். அழகாக அடித்தான், பாவி. அவனுடைய லீவு ஃபாரத்தை நான் டைப் அடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அர்பாப் எங்கள் மூவரையும் முவைலா மணல்வெளிக்கு வண்டியில் ஏற்றிப் போனார். இரண்டு நம்பரையும் விரலால் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை வைரவன் கையில் கொடுத்தார். செய்தவன் கையால்தான் முதல் வெடியாம். அது அவனுக்கு அவர் செய்யும் மரியாதை.

வைரவன் உமாபதியைப் பார்த்தான். அவர் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். உண்மையைச் சொன்னால் நம்பரை மாற்றியதற்கு ஜெயில், லீவும் கிடையாது. என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, ஒரு வெடி தாங்காதா?"

என் பாஸ்போர்ட்டும் அர்பாப்பின் டிராயரில்தான் இருந்தது. தாங்கும் என்று சொன்னேன்.

யல்லா, சுடு என்றார் அர்பாப்.

தாங்கவில்லை. இரண்டு கண்ணும் போயின.

அர்பாப் கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிக்கே வந்து பாஸ்போர்ட்டைத் தலைமாட்டில் வைத்தார். நான் நீட்டிய லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். அறுபது நாள் என்பதை வெட்டிவிட்டு, கலாஸ், முடிந்தது, திரும்ப வர வேண்டாம் என்றார். காரணம் என்ற இடத்தை அவர் தொடவில்லை. நான் அடித்தது அப்படியே இருந்தது: மகனைப் பார்க்க.