மையால் எழுதிய தேதி

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. காலை 5.45க்கு எழுந்தேன். இரத்த அழுத்த மாத்திரை ஒன்று. பீடோங் சந்தையில் மீனும் கீரையும் வாங்கினேன். 7.20க்குத் தேநீர்க் கடையில் நாளிதழைப் பிரித்தேன்.

குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் மலேசிய மக்களவையில் நிறைவேறியிருந்தது. பிள்ளைகளுக்குக் குடியுரிமை என்ற அளவில் முதல் பத்தியைப் படித்தேன். முப்பத்தோர் ஆண்டுகளாகத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவன், எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிப்பவன், அன்று அதோடு எழுந்துவிட்டேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராக, எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டும், நான் தம்பி என்று கூப்பிடும் ஒருவரின் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய திருமணம் 2007இல் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அப்போது நான் கோயில் செயலாளர். பெண் தாய்லாந்துக்காரர். அவருடைய தூதரகத்திலிருந்து தாள் வந்தால்தான் அரசாங்கத்தில் திருமணத்தைப் பதிய முடியும்.

"பதிவை முடிச்சிட்டே தாலி கட்டலாமா அண்ணே? நாளைத் தள்ளிப் போட முடியுமா?" என்று தம்பி கேட்டார்.

திருமண நாளை நான் கோயில் புத்தகத்தில் மையால் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஓர் அடித்தல் கூட இல்லை.

"முதல்ல தாலியைக் கட்டு தம்பி. பதிவு எங்க ஓடிப்போகுது, பிறகு பாத்துக்கலாம்லா" என்றேன்.

அந்தப் 'பிறகு' வந்து பதிவு முடிந்தபோது அவர்களுடைய குழந்தைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. பிறந்த அன்று பெற்றோர் சட்டப்படி தம்பதி இல்லை. அதனால் தகப்பன் மலேசியர் என்பது கணக்கில் வரவில்லை. பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்ல என்று போட்டுவிட்டார்கள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. அடுத்த ஆண்டு எஸ்பிஎம், பள்ளியின் கடைசி அரசுத் தேர்வு. அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் அதற்கு மேல் எங்கே படிப்பது?

வாசலிலேயே செய்தியைச் சொன்னேன். தம்பி உடனே தொழிற்சாலையில் வேலையில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். மகள் என் கையிலிருந்த நாளிதழை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"அங்கிள், கீழே படிச்சீங்களா?"

"இல்லம்மா."

"இது வெளிநாட்டுல பிள்ளை பெத்த மலேசிய அம்மாக்களுக்கு. எங்க வீட்டுல அம்மாதான் வெளிநாடு. நான் பொறந்தது இங்க, சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி. எல்லாமே தலைகீழ்." நாளிதழை மடித்துக் கொடுத்தாள். "அப்பாவை அம்மாவா மாத்த ஏதாவது பாரம் இருந்தா எடுத்துட்டு வாங்க, நிரப்பித் தர்றேன்."

தம்பி சிரித்தார். பிறகு மனைவிக்கு மறுபடி போன் போட வேண்டியிருந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார்.

திரும்பி வந்து, "விடுங்க அண்ணே, நல்லதுக்குத்தான வந்தீங்க. ஸ்பெஷலா ஒரு மனு போடலாம், இருபத்தொரு வயசுக்குள்ள. ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. மூணாவதுக்குத் தாள் சேர்க்கிறேன். ஏன் நேரத்தோட பதியலன்னு கேக்குறாங்க. என் கவனக்குறைவுன்னு எழுதிட்டேன்" என்றார்.

அவர் மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் 2007 நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். திருமண நாளில் பிற்பகல் மழை என்று இருந்தது. பந்தியில் 312 பேர் என்று இருந்தது. நான் தம்பியிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எந்த நாளிலும் இல்லை. பிள்ளைகளுக்காக நாட்டின் சட்டப் புத்தகத்தையே திருத்துகிறார்கள், இவளை விட்டுவிட்டாலும். எனக்கு அன்று கோயில் புத்தகத்தில் ஒரு தேதியை அடிக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு, எங்கள் கெடா மாநிலத்தில் அலுவலகங்கள் திறக்கும் நாள். எழுந்ததும், மாத்திரைக்கு முன்பே, தம்பியின் மனுவோடு சேர்க்க ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில், பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னது கோயில் நிர்வாகம் என எழுதினேன். கோயில் நிர்வாகம் என்பதை அடித்துவிட்டு, நான் என்று எழுதினேன்.