கடைத் தரையில் படுத்து வாங்கிய கூரைக் கண்ணாடி

வீட்டுக்குப் பின்னால் புது ரூம் கட்டுகிறோம். இன்று மகளோடு பம்மல் கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

பெரிய ஸ்லைடிங் கதவு ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. ஒரு விரலால் தள்ளினாலே ஓடுகிறது. சும்மாவே நாலு தடவை தள்ளினேன்!

கூரைக் கண்ணாடியில்தான் சண்டை.

"வெயில் கொளுத்தும்மா, மங்கலானதையே போடு" என்றாள் மகள்.

மங்கலில் பிளேன் தெரியாதே. என் வீட்டுக்காரர் தினமும் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, ஏர்போர்ட்டில் இறங்க எங்கள் பொழிச்சலூர் மேலே தாழப் போகிற பிளேனுக்கெல்லாம் கை ஆட்டுவார். அவர் போனபிறகு நான் மாடி ஏறவில்லை.

கடைக் கூரையில் தெளிவான கண்ணாடி ஒன்று பதித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே தரையில் படுத்துவிட்டேன்.

கடைக்காரர் அலறினார். "ஐயோ, அக்கா மயங்கிட்டாங்க! தண்ணி கொண்டாப்பா!"

"மயக்கம் இல்ல தம்பி. பிளேன் தெரியுதான்னு பாக்குறேன்."

"எந்திரிம்மா, மானம் போகுது!" என்றாள் மகள். அப்போது பார்த்து இரைச்சல் கேட்டது. அவளும் சடாரென்று பக்கத்தில் படுத்தாள். பிளேனின் சக்கரம்கூடத் தெரிந்தது. இரண்டு பேரும் கை ஆட்டினோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

படுத்தபடியே சொன்னாள்: "அண்ணா, இதையே போட்டுடுங்க. வெயிலுக்கு ஸ்கிரீன் மாட்டிக்கிறோம்."

பிளேனில் வருகிறவர்களே, பொழிச்சலூரில் ஒரு கூரை மின்னினால் பதிலுக்குக் கை ஆட்டுவீர்கள்தானே?