தவிட்டுச் சூடு

இன்று விடுதிச் சமையலறையில் யாரோ முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கத் தவிடு வறுத்தார்கள். அந்த வாசனை என்னைச் சமயநல்லூரின் பழைய தகரக்கூரை வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அவ்விடத்தில் லாரிகள் நிற்கின்றன.

விசிறிகள் மட்டுமே இருந்த, கம்பளி என்பதே இல்லாத வீடு அது. தகரத்திலிருந்து பனி சொட்டி, சிமெண்டுத் தரை சில்லிட்டுக் கிடந்த ஒரு மார்கழி விடியலில், பிறந்து ஒரு மாதங்கூட ஆகாத தம்பி அழாமல் கிடந்ததை நாங்கள் நிம்மதி என்றே எண்ணினோம். எங்களூரில் குளிர்ச்சி என்றால் நல்ல தூக்கம் என்றுதான் பொருள்.

“குளுகுளுன்னு இருக்குல்ல, மகராசன் என்னமாத் தூங்குறான் பாரு,” என்றார் அப்பா.

அம்மா அவன் பாதத்தைத் தொட்டாள். “ஏங்க, கால் ஐசா இருக்குங்க!”

மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டை வறுத்து, துணியில் முடிந்து, தன் கன்னத்தில் சூடு பார்த்துப் பார்த்து அவள் ஒற்ற, அப்பா அவனைத் தம் வெற்று மார்போடு அணைத்திருக்க, நான் அடுப்பில் வறட்டியை ஒடித்துப் போட்டபடி அசையாத அந்த முகத்தையே பார்த்திருந்தேன்.

கடைசியில் பூனைக்குட்டியைப் போல அழுதான்.

“அழுய்யா, இன்னும் அழு, ஊரே எந்திரிக்கட்டும்,” என்று அம்மா கெஞ்சினாள்.

அந்த மார்கழி முடியும்வரை, அவன் அயர்ந்தபோதெல்லாம் அவனைக் கிள்ளி அழவைத்த பிறகே அவள் தொட்டிலை ஆட்டினாள்.