கம்பெனி மூடிய கார்

கிணத்துக்கடவு தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி சீறுகிறது. தீப்பிடித்துவிட்டதென்று கதவைத் திறந்துகொண்டு புளியமரம் வரை ஓடுகிறேன். மனைவி காரிலேயே உட்கார்ந்திருப்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

பத்தரைக்குப் பொள்ளாச்சியில் தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்த மடி இங்கே புளியமரத்தடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

எதிரே கிணற்று மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. பட்டறைக்காரர் வந்து குனிந்து பார்க்கிறார்.

“வாட்டர் பம்ப் ஒழுகுதுங்க. இந்தக் கம்பெனியத்தான் மூடிப்போட்டாங்களே, சாமானுக்கு எங்கீங்க போவீங்க?”

“கம்பெனிதானுங்க மூடுச்சு. நான் இன்னும் மூடலீங்க.”

காது குத்து விஷயத்தைச் சொன்னதும், தூரத்தில் வரும் பஸ்ஸைக் காட்டுகிறார். “ஏறிப் போயிருங்க. மடி போய்ச் சேந்தாப் போதுமல்லங்க?”

போதாது. கம்பெனி புதிதாக இருந்த காலத்தில் பதிவு செய்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கிய கார் இது. தங்கைக்குக் காது குத்தப் போனதும் இதில்தான். பஸ் போகட்டும் என்று நிற்கிறேன். அது போன பிறகுதான் மணி பார்க்கிறேன்.

“செரி, இதுவும் தண்ணி ஏத்தற பம்ப்புதானுங்களே” என்று, கிணற்று பம்ப் ஒழுகாமலிருக்கச் சுற்றும் கிரீஸ் தடவிய கயிற்றையே இதற்கும் சுற்றி இறுக்குகிறார். ஒழுகல் சொட்டாகக் குறைகிறது. வழியில் ஊற்ற ஒரு குடம் தண்ணீரும் தருகிறார்.

குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவி சொல்கிறாள்:

“ஏனுங்க, மறுபடி ஓடறதுன்னா முன்னாலயே சொல்லீருங்க. நான் குடத்த எறக்கி வெக்கோணும்.”