கரண்ட் போனபோது கேட்ட குரல்

காந்திபுரத்தில் மகளோடு மைக் வாங்கப் போன கடையில், பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று கிடாரோடு அலறியது. எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது.

கோயில் நோம்பித் திருவிழா மேடைகளில் ராக் அண்ட் ரோல் என்றால் அவர்தான். கருமத்தம்பட்டியில், எண்ணெயும் பஞ்சும் மணக்கும் எங்கள் விசைத்தறிக்கூடத்தின் இரைச்சலில்தான் பாடிப் பழகுவார். பள்ளியை விட்டுவிட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த நான், அவர் இடுப்பை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"தொண்ட போயிருமுங்க தம்பி," என்பார் அம்மா.

"தறியை மீறிக் கேட்டாத்தானுங்க அண்ணி, கூட்டத்துக்குக் கேக்கும்."

ஒருநாள் அவர் பாடும்போதே கரண்ட் போய், தறிகளெல்லாம் ஒன்றாக நின்றன. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. குரலா அது? கரகரவென்று வெறும் காற்று. தறி ஓட்டுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சித்தப்பாவும் அதைக் கேட்டுவிட்டார்.

"கரண்ட் எப்பங்க வரும், அண்ணி?" என்றார். பிறகு அவர் மேடை ஏறவே இல்லை.

"ஏனுங்க, சத்தத்தைக் கொறைக்கட்டுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மைக் கடைக்காரர்.

மகள் அந்தச் சத்தத்துக்குள் பாட்டோடு சேர்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்க," என்றேன் அவசரமாக.