எதிர்ப்பு மனுவில் என் தயிர் சாதம்

அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மென்பொருள் சோதனை. திரையில் ஒரு பொத்தான் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு நூலளவு நகர்ந்திருந்தால்கூட எழுதியவனைக் கூப்பிட்டு வைத்து அரைமணி நேரம் பாடம் எடுப்பேன். அப்படிப்பட்ட நான், 2007 பொங்கல் சமயத்தில், ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது. பாதிக் கோபம் என்மேல். மீதிப் பாதியை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் இன்னும் குழப்பம்.

அப்போது கலிபோர்னியாவில், மில்பிடாஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். ஃப்ரீவேயில் கூட்டம் இல்லாவிட்டால் இருபது நிமிடம் என்பார்கள். கூட்டம் இல்லாத ஃப்ரீவேயை நான் பார்த்ததில்லை. ஊர் நூலகத்துக்குப் பின்னால், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று நகராட்சி ஒரு கூடம் நடத்தியது. டீன் சென்டர். பள்ளி விட்டதிலிருந்து மாலை ஆறு மணிவரை பிள்ளைகள் அங்கே இருக்கலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத பழைய சோஃபாக்கள், ஒரு மைக்ரோவேவ், பிள்ளைகளே வண்ணம் பூசிய சுவர்கள். அதை நடத்திய அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரையும் ‘ஹனி’ என்பார், என்னையும் சேர்த்து. மகளைக் கூட்டிவர நான் தவறாமல் போவதே அதைக் கேட்கத்தான் என்று என் மனைவி சொல்வாள். பாதிப் பொய்.

மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்கிற கேள்விகளுக்கு ‘ஃபைன்’, ‘ஓகே’, ‘நத்திங்’ என்ற மூன்று சொற்களில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். அவளே அந்தக் கூடத்தில் வாய் ஓயாமல் பேசினாள். வெளியே காரில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது வேறு யாரோ பெண் என்று நினைத்தேன். வேலைக்குப் போகிற எங்கள் இருவருக்கும் அது சும்மா கிடைத்த டேகேர். அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சொந்த இடம்.

அந்த வருடம் ஜூன் மாதத்தோடு கூடத்தை இடிக்கப்போவதாக நகராட்சி அறிவித்தது. நூலகத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் போதவில்லையாம். பிள்ளைகள் இருந்த இடத்தில் இனிமேல் கார்கள் இருக்கும். கார்களுக்கு இடம் முதலில் முடிவானது, பிள்ளைகளுக்கு அப்புறம்தான் தேடினார்கள். தேடியதில் நல்ல இடமே கிடைத்தது. நாங்கள் கொத்தமல்லியும் உளுந்தும் வாங்குகிற கடை வளாகத்தில் ஒரு வீடியோ கடை மூடிக் கிடந்தது. விசாலமான இடம், பள்ளியிலிருந்து நடந்தே வந்துவிடலாம், கட்டடக்காரருக்கும் சம்மதம். பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எந்த மூலையில் எதை வைப்பது என்று படமே வரைந்துவிட்டார்கள். என் மகள் அதில் ஒரு பிரதியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நகராட்சியின் திட்டக் குழு ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டு அனுமதி கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

இதற்கு நடுவில் பொங்கல் வந்தது.

அமெரிக்காவில் நம்மவர்கள் பத்துக் குடும்பம் ஒன்றாகக் கூடினால் ஒரு கிளிப் அட்டை கைமாறிக் கைமாறிச் சுற்றிவரும். அடுத்த விருந்துக்கு யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்கிற பட்டியல். பெயர், முகவரி, கடைசிக் கட்டத்தில் பதார்த்தம். புளியோதரை, வடை மாதிரியான பெரிய இலாகாக்கள் கைராசிக்காரர்களுக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாகத் தயிர் சாதம். யாராலும் கெடுக்க முடியாத பண்டம் என்பதால் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒருமுறை கெடுத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அந்தப் பொங்கல் விருந்து எங்கள் அண்ணா வீட்டில். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் கூட்டத்தில் முதன்முதலில் இங்கே வந்தவர், கோயம்புத்தூர்க்காரர், அதனால் எல்லாருக்கும் அண்ணா. நான் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போய் ரசம் ஊற்றிச் சோறு போட்ட மனிதர். அவர் நீட்டிய தாளைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்திருக்க வேண்டும்.

“தம்பி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. எல்லாரும் போட்டாச்சுங்க.”

“நமக்கு அதே தயிர் சாதந்தானேண்ணா?”

அண்ணா சிரித்தார். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது அவர் வழக்கம். ஒரு கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டு, சுற்றிலும் இரைச்சல். தட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘தயிர் சாதம், முப்பது பேருக்கு’ என்று எழுதினேன். போன தடவை எங்கள் பாத்திரம் திரும்பி வரவில்லை என்று மனைவி புலம்பியது நினைவுக்கு வர, ‘தயவுசெய்து பாத்திரத்தைத் திருப்பித் தரவும்’ என்றும் சேர்த்தேன். கைக்கு வந்த வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு இரண்டாவது முறை பொங்கல் வாங்கப் போனேன்.

திட்டக் குழுக் கூட்டம் மார்ச் மாதத்தில் ஒரு மாலை நடந்தது. மகள் என்னிடம் வந்து நின்றாள்.

“அப்பா, கேன் யூ டிரைவ் மீ டு சிட்டி ஹால்? யூ கேன் ஸ்டே. இஃப் யூ வான்ட்.”

அவள் போகிற இடத்தில் நான் இருக்கலாம் என்று அவளாகச் சொன்னது நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை. டை கட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் பின்வரிசை முழுக்க நம்மவர்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“பாத்தியா, நம்ம ஜனங்க எல்லாரும் உங்களுக்கு சப்போர்ட் பண்ண வந்திருக்காங்க” என்றேன் மகளிடம்.

அவள் சிரித்துவிட்டு முன்வரிசையில் தன் தோழிகளோடு போய் உட்கார்ந்தாள். நான் அண்ணாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன்.

“நீங்களும் வந்துட்டீங்களா தம்பி! ரொம்ப சந்தோசமுங்க.”

“வராம இருப்பேனாண்ணா? நம்ம பசங்க விஷயமாச்சே.”

“அதேதானுங்க நானும் சொல்றேன். நம்ம பசங்க டியூஷன் போற எடமுங்க அது. நாளைக்கு அங்க எந்தெந்தக் கும்பல் வந்து நிக்குமோ, யாருங்க கண்டா?”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

குழுவின் செயலாளர் பெண் எழுந்து, கூடம் அந்த வளாகத்துக்கு வருவதை எதிர்த்து ஊர்க்காரர்கள் ஒரு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு பெயரையும் அதன் எதிரே எழுதியிருந்த கருத்தையும் படித்தார். ‘போக்குவரத்து.’ ‘சத்தம்.’ ‘எங்கள் வீடுகளின் மதிப்பு.’ ‘கேங்.’ எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். அப்புறம் ஒரு நீளமான பெயரை நான்காக உடைத்துத் திணறினார். என் பெயர்.

“கர்ட் ரைஸ். தர்ட்டி பீப்பிள்,” என்று படித்துவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “ப்ளீஸ் ரிட்டர்ன் வெசல்.”

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இது குப்பை சம்பந்தப்பட்ட ஆட்சேபமா என்று கேட்டார். மன்றமே சிரித்தது. பின்வரிசையில் நம்மவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அண்ணா என் தொடையில் தட்டினார்.

என் மகள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்து, எண் போட்டுப் பதிவு செய்கிறவள் மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தினமும் அலுவலகத்தில் பிறருக்குக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

அவள் முறை வந்தது. கையில் எழுதி வைத்திருந்த அட்டையைப் பையில் போட்டுவிட்டு ஒலிவாங்கியின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். “அந்தத் தயிர் சாதம் என் அப்பா. அவர் எங்களுக்கு எதிரி இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மற்றவர்கள் படித்தார்களா என்று கேளுங்கள். படித்துவிட்டுத்தான் போட்டார்கள் என்றால் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிற மூன்று பேரின் பிள்ளைகள் என்னோடு தினமும் கூடத்துக்கு வருகிறார்கள். கேங் என்று அவர்கள் எழுதியது எங்களைத்தான்.” அதோடு இறங்கிவிட்டாள்.

நானும் பேச வேண்டும் என்று ஒரு படிவம் வாங்கினேன். அதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுப் பூர்த்தி செய்தேன். மேடைக்குப் போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் அழகாகத்தான் ஆரம்பித்தேன். பின்வரிசையில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. தலைவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

“என்னய்யா சிரிப்பு? அதே காம்ப்ளெக்ஸ்ல டியூஷனுக்கு அம்பது பசங்க வர்றாங்க. அப்ப டிராஃபிக் இல்ல, சத்தம் இல்ல. கணக்குப் போட வந்தா கொழந்தைங்க, சிரிக்க வந்தா கேங்கா? சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் உங்க பிள்ளைய யாரோ ஒருத்தி ஹனி ஹனின்னு பாத்துக்கணும். ஆனா உங்க தெருவுல வேணாம். அப்ப எங்கய்யா போகும் அதுங்க?”

“சார், ப்ளீஸ் அட்ரஸ் தி கமிஷன்,” என்றார் தலைவர், மிகவும் பணிவாக.

திரும்பி அவரிடமும் சொன்னேன். கார்களுக்கு இடம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தேட ஆரம்பித்தவர்கள் நீங்கள்தானே என்றேன். பாதியில் எனக்குக் கொடுத்த நேரம் முடிந்து, சிவப்பு விளக்கு எரிந்து ஒலிவாங்கி அணைந்தது. வாய் அசைந்ததே தவிர யாருக்கும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அனுமதியை மறுத்துவிட்டார்கள். அந்த ஒரு வாக்குக்காரர், மனுவில் இவ்வளவு கையெழுத்துகள் இருப்பதைப் புறக்கணிக்க முடியாது என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. நான் திரும்பப் பெற்ற பிறகும் அந்தத் தாள் அதே கனத்தோடுதான் இருந்தது.

வெளியே கார் அருகில் அண்ணா வந்தார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. பாப்பா நல்லாப் பேசுச்சுங்க. வக்கீலுக்குப் படிக்க வைங்க.”

“நீங்க படிச்சுப் பாத்துதான் எழுதுனீங்களாண்ணா?”

“பின்னே? நானே டைப் பண்ணுனதுங்க அது,” என்றார், சற்றும் கூச்சமில்லாமல். “உங்ககிட்ட ஒளிச்சு வெச்சனுங்களா? மேல கொட்டை எழுத்துல போட்டிருந்துதே.”

போட்டிருந்தது. அதுதான் தாங்கவில்லை. அவர் என்னை ஏமாற்றியிருந்தால் எவ்வளவு சௌகரியமாகக் கோபப்பட்டிருக்கலாம்!

மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. மகளும் நானும் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம், கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொல்லி. காபி கிடைத்தது. “உங்க பொண்ணு தங்கம்ப்பா. எங்க பையனும் அப்படித்தான். மத்த பசங்கதான் எப்படின்னு தெரியல” என்றார் ஓர் ஆன்ட்டி. அடுத்த வீட்டிலும் அதே. எல்லா வீட்டிலும் தங்கமான பிள்ளைதான். எல்லாரும் பயந்தது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. நான் நான்காவது வீட்டில் ஒரு நகைச்சுவையை ஆரம்பித்தேன். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “நாட் நௌ, அப்பா” என்றாள். நிறுத்திக்கொண்டேன். இரண்டே இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். மேல்முறையீடு தோற்றது.

ஜூனில் கூடத்தை இடித்தார்கள். செப்டம்பரில் நகராட்சி ஒரு வழியாகப் புது இடம் கொடுத்தது. ஊர்க்கோடியில், பல வருடமாகத் தண்ணீர் நிரப்பாத நீச்சல் குளத்தின் உடைமாற்றும் அறை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும். பேருந்து கிடையாது. ஹனி அம்மாளை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். வீடியோ கடை காலியாகவே கிடந்தது. அடுத்த இரண்டு வருடமும் கொத்தமல்லி வாங்கப் போகிற போதெல்லாம் அதன் தூசி படிந்த கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

திறப்பு நாளன்று பழைய கூடத்துச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மகளோடு போனேன். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். இந்தியச் சமூகத்தின் சார்பில் பேச அழைக்கப்பட்டவர் யாரென்றால், அண்ணா. ஜிப்பாவில் பளிச்சென்று நின்றார். “இளைஞர்கள்தான் நம் எதிர்காலம்” என்று ஆங்கிலத்தில் அவர் தொடங்கும்போது நான் பக்கவாட்டுக் கதவால் உள்ளே போய்விட்டேன்.

சுவரெல்லாம் வெள்ளை ஓடு. குளியல் குழாயின் திருகுகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. குளோரின் வாடை. நானும் மகளும் பிங்பாங் மேஜையைத் தூக்கி நடுவில் வைத்தோம். பந்தை வைத்தாள். அது தானாக உருண்டு வலையைத் தாண்டிப் போகப் பார்த்தது. தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். மேஜையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முனை இறங்கியது. நான் மண்டியிட்டு, அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினேன்.

“இட்ஸ் ஸ்டில் ஸ்லோப்பிங், அப்பா.”

“தெரியுது.”

வெளியே கைதட்டல் கேட்டது. “தம்பி எங்கீங்க? போட்டோவுக்கு வரச் சொல்லுங்க!” என்று அண்ணா யாரிடமோ சொல்வதும் கேட்டது. மகள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் மேஜையின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். நான் அடுத்த அட்டையைக் கிழித்தேன்.